ஐந்தில் மூன்று பங்கு வசந்தி

1

ஜூலை நான்காம் தேதி நாங்கள் பொங்கல் வைத்தோம். மாதத்தைத் தவறாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பிம்ப்ரியில் ஜூலை என்றால் வானம் கொட்டிக்கொண்டே இருக்கும். விறகு நனைந்து புகையும். சைக்கிள் கொட்டகையின் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் "பொங்கலோ பொங்கல்" யார் காதிலும் விழாது. பால் பொங்குவதைப் பார்த்தவர் கையைத் தூக்கிக் காட்டுவார், மற்றவர்கள் கைதட்டுவோம். இந்த வருடத்தோடு ஐந்து வருடம் ஆகிறது.

பக்கத்து வீட்டு சுமன் தாயி ஒவ்வொரு வருடமும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு, இது உங்கள் பக்கத்தில் எந்த சாமிக்கு என்று கேட்பாள். நான்கு வருடம் ஏதோ சொல்லி மழுப்பினேன். இந்த முறை உண்மையைச் சொன்னேன். இன்று அமெரிக்காவின் சுதந்திர தினம் என்றேன். அவள் பொங்கலை ஒரு வாய் போட்டுக்கொண்டு யோசித்தாள். உங்கள் சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். போனது உண்டா? நாங்கள் போனதில்லை. அப்புறம் என்ன என்றாள்.

அந்த "அப்புறம் என்ன"வுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருக்கிறவர்கள், பூனா என்ன வெளிநாடா, இரண்டு நாள் ரயில்தானே என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ரேஷன் அலுவலகத்தில் என் பெயரை மூன்று அட்டையில் மூன்று விதமாக எழுதி, இந்த மூன்று பெண்களும் ஒரே வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரணைக்கு ஆள் அனுப்பிய நாளில் அந்த எண்ணம் மாறியது. விடுமுறைக்குத் திருநெல்வேலி போனால் அங்கேயும் இதே கதைதான். கடையில் கால் கிலோ என்பதற்கு வாய் தவறி "பாவ் கிலோ சர்க்கரை" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு என்ன வேண்டுமாம் என்று என் தங்கையைக் கேட்டார்.

2

பான்ஷேத் அணை உடைந்து பூனாவில் பாதி வெள்ளத்தில் போனதே, அதற்கு மூன்று வருடம் கழித்து நடந்தது இது. என் கணவருக்குப் பிம்ப்ரியில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. நான் பூனாவில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். காலையில் லோக்கல் ரயிலில் போய், மாலையில் லோக்கலில் திரும்புவேன். தொழிற்சாலைக் குடியிருப்பில் நாங்கள் தமிழர்கள் பதிமூன்று குடும்பம்.

என் மகள் வசந்திக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளியில் மராத்தி, விளையாட்டில் மராத்தி, வீட்டில் மட்டும் தமிழ். அந்தத் தமிழ் எப்படி இருக்கும் என்றால், "அம்மா, எனக்கு பூக் லாக்லி, லவ்கர் சாதம் போடு" என்பாள். பசிக்கிறது, சீக்கிரம் சாதம் போடு என்று அர்த்தம். நான் ஒவ்வொரு சொல்லாகத் திருத்துவேன். திருத்தி முடிப்பதற்குள் அவளுக்குப் பசி போய்விடும், அல்லது சுமன் தாயி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பாள். அவள் மட்டும் இல்லை; குடியிருப்பில் இருபத்துச் சொச்சம் குழந்தைகளும் அப்படித்தான். தமிழ் எழுத்தைக் காட்டினால் தலையைச் சாய்த்து அழகு பார்த்தார்கள்.

குழந்தைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்தலாம் என்று முடிவு செய்தோம். அதற்கு ஓர் அறை வேண்டும். குடியிருப்பின் கோடியில், பழைய பண்டக அறை ஒன்று காலியாக இருந்தது. அதைக் கேட்டு மனு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. மராத்தியில் எழுதினால் மரியாதை என்று தோன்றியது. நான் பள்ளியில் இந்திப் பரீட்சைகள் எழுதித் தேறியவள். இந்திச் சொற்களுக்கு மராத்தி வால் ஒட்டினால் மராத்தி ஆகிவிடும் என்று அப்போது நம்பியிருந்தேன். குழந்தைகளுக்கு "சிக்ஷா" கொடுக்க ஓர் அறை தேவை என்று எழுதிக் கொடுத்தேன்.

குடியிருப்பு அலுவலகத்தில் குல்கர்ணி என்று ஒரு குமாஸ்தா. மெலிந்த மனிதர், எல்லாவற்றையும் இரண்டு தரம் படிப்பவர். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தணிந்த குரலில், குழந்தைகள் அப்படி என்ன குற்றம் செய்தார்கள் என்று கேட்டார். அடிப்பதென்றால் வீட்டிலேயே அடிக்கலாமே, இதற்கென்று தனி அறை எதற்கு என்றார். இந்தியில் கல்வியாக இருக்கும் சிக்ஷா மராத்தியில் தண்டனை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதிய மனுவை அவரே எழுதிக் கொடுத்தார். ஆனால் அறை வேண்டும் என்றால் சங்கத்துக்கு எழுதப்பட்ட விதிமுறை வேண்டும், ஐம்பது உறுப்பினர் வேண்டும், ஆகஸ்ட் முடிவதற்குள் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து மனுப் போட்டிருக்கும் கேரம் குழுவுக்கு அறை போய்விடும் என்றார்.

3

விதிமுறை எழுத எங்களிடம் ஆள் இருந்தார். பஞ்சாபகேசன் சார், தஞ்சாவூர்க்காரர், என் கணவருக்கு மேலதிகாரி. தொழிற்சாலை அவரை எட்டு மாதம் பயிற்சிக்காக அமெரிக்காவில் ஒஹையோ பக்கம் அனுப்பியிருந்தது. திரும்பி வரும்போது ஒரு மழைக்கோட்டு, ஒரு ரொட்டி சுடும் இயந்திரம், சட்டைப் பையில் அடங்கும் அமெரிக்க அரசியல் சட்டப் புத்தகம் ஒன்று, மூன்றும் கொண்டுவந்தார். இயந்திரம் இங்குள்ள மின்சாரத்துக்கு ஒத்துவராமல் முதல் நாளே எரிந்துபோனது. சட்டப் புத்தகம் ஒத்துவரும் என்று அவர் உறுதியாக இருந்தார்.

முதல் கூட்டம் சைக்கிள் கொட்டகையில் நடந்தது. பஞ்சாபகேசன் சார் எங்களை எண்ணினார். எண்ணி முடித்ததும் அவர் முகம் மாறியது.

"பதிமூணு குடும்பம். அவாளும் பதிமூணு. பதிமூணு குடியேற்றம் சேர்ந்துதான் அந்த தேசத்தையே உண்டாக்கினா."

அதற்கு மேல் வேறு யோசனைக்கு இடமில்லாமல் போனது. மனிதர்கள் புதிதாக ஓரிடத்தில் வந்து சேர்ந்து, நாம் யார், நமக்குள் எப்படி நடந்துகொள்வது என்று உட்கார்ந்து எழுதி வைத்த முதல் காகிதம் இது என்று அவர் சொன்னபோது, உண்மையில் எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. நாங்களும் புதிதாக வந்து சேர்ந்தவர்கள்தானே. எங்களைப் பற்றி ரேஷன் அட்டையைத் தவிர எந்தக் காகிதத்திலும் யாரும் எழுதியதில்லை.

என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தட்டச்சு தெரியும் என்பதுதான் காரணம்.

4

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் விவாதித்தோம். அமெரிக்காவைப் போலவே இரண்டு சபை. மேல்சபையில் மாவட்டத்துக்கு இரண்டு பேர் என்று முடிவானது. எங்களில் திருநெல்வேலி, தஞ்சாவூர், கோயம்புத்தூர், மதுரை, சேலம், சென்னை என்று ஆறு மாவட்டத்தார். மதுரையிலிருந்து வந்தவர் ஒரே ஒரு பிரம்மச்சாரி. எனவே அவர் இரண்டு உறுப்பினராகவும் இருந்தார். ஓட்டெடுப்பில் இரண்டு கையையும் தூக்குவார்.

கீழ்சபை மக்கள்தொகைப்படி. அங்கேதான் சிக்கல். கோயம்புத்தூர் பழனிசாமி கடைசல் பட்டறையில் வேலை பார்ப்பவர். அவருக்கு ஐந்து குழந்தைகள். அவர்கள் பக்கத்தில் குழந்தைகள் அதிகம். தஞ்சாவூர்க்காரர்கள் பக்கம் பெரியவர்கள் அதிகம். தமிழ் படிக்கத் தெரியாத குழந்தைகளைத் தமிழ்ச் சங்கத்தில் எப்படி எண்ணுவது என்று தஞ்சாவூர் கேட்டது.

"தமிழ் வராததுனாலதானுங்க சங்கமே வெக்கிறோம்" என்றார் பழனிசாமி. "வந்துருச்சுன்னா எதுக்குங்க சங்கம்?"

இரண்டு ஞாயிறு இதிலேயே போனது. அடுத்த ஞாயிறு பஞ்சாபகேசன் சார் புத்தகத்தில் ஓரிடத்தை விரலால் பிடித்துக்கொண்டு வந்தார். இதே சண்டை அங்கேயும் வந்திருக்கிறது. பெரியவர்கள் சமாதானம் செய்து வைத்திருக்கிறார்கள் என்று வாசித்துப் பொருள் சொன்னார். சுதந்திரமான ஆட்களை முழுதாக எண்ண வேண்டும். வரி செலுத்தாத இந்தியர்களை விட்டுவிட வேண்டும். "மற்ற ஆட்களை" ஐந்தில் மூன்று பங்காக எண்ண வேண்டும்.

கொட்டகையில் சலசலப்பு. வரி செலுத்தாத இந்தியர்கள் என்று எங்களைப் பற்றி அவ்வளவு காலத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார்களா என்று என் கணவர் கேட்டார். பதிமூன்று வீட்டில் வருமான வரி கட்டியவர் பஞ்சாபகேசன் சார் ஒருவர்தான். அந்த வாசகத்தை ஏற்றுக்கொண்டால் சங்கத்தில் அவர் மட்டும்தான் மிஞ்சுவார். இந்த இந்தியர் வேறு, அந்த நாட்டில் எல்லோருக்கும் முன்னால் இருந்தவர்கள் என்று அவர் விளக்கினார். முன்னாலேயே இருந்தவர்களையா எண்ணாமல் விட்டார்கள் என்று சேலத்துக்காரர் கேட்டார். அந்த வாசகத்தை மட்டும் நீக்கிவிட்டோம்.

ஐந்தில் மூன்று எல்லோருக்கும் பிடித்துப்போனது. குழந்தைகளே கூடாது என்றவர்களுக்கும் முழுசாக வேண்டும் என்றவர்களுக்கும் நடுவே அது சரியாக உட்கார்ந்தது. எழுதிய பெரியவர்களே ஒப்புக்கொண்டது அல்லவா. தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்களும் "மற்ற ஆட்கள்" என்று முடிவானது.

இரண்டாவது வகையில் கோவிந்த ராவ் மாட்டினார். அவர் தஞ்சாவூர் மராத்தியர். அவருடைய முன்னோர்கள் முந்நூறு வருடத்துக்கு முன் இந்தப் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போனவர்கள். வீட்டில் பேசுவது மராத்தி. அந்த மராத்தியைப் பூனாவில் யாரிடம் பேசினாலும், நீங்கள் பேசுவது எந்தத் திராவிட மொழி என்று கேட்பார்கள். பட்டியலில் அவர் பெயரை எங்கே போடுவது என்று நான் தயங்கியபோது அவரே சொன்னார்.

"அங்க எங்களை மராட்டியர்னாங்க. இங்க மதராஸிங்கறாங்க. நாங்க எங்கயுமே முழுசா இருந்ததில்லம்மா. மூணு பங்கு நல்ல எண்தான். போடுங்க."

காதர் அண்ணாச்சி பற்றியும் சொல்ல வேண்டும். மேலப்பாளையத்துக்காரர், பிம்ப்ரி கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருந்தார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து கூடவே நின்றவர். ஆனால் வீடு குடியிருப்புக்கு வெளியே. பஞ்சாபகேசன் சார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அவர் மாநிலம் ஆகமாட்டார், பிரதேசம் ஆகலாம் என்றார். பேசலாம், சந்தா கொடுக்கலாம், ஓட்டு மட்டும் கிடையாது. அண்ணாச்சி கூட்டம் முடியும்வரை இருந்தார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"சந்தா மட்டும் வாங்குதீங்க, ஓட்டு கிடையாதுன்னா, இதுக்குத்தானே தங்கச்சி அந்த அமெரிக்காக்காரன் இங்கிலீஷ்காரனையே விரட்டுனான்?"

எனக்கு அது அன்று விளங்கவில்லை. நான் சட்டத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும் அவசரத்தில் இருந்தேன். நான்கு கார்பன் வைத்து, மொத்தம் ஐந்து பிரதி. ஜூலை நான்காம் தேதி, பஞ்சாபகேசன் சார் விருப்பப்படி, கையெழுத்திட்டோம். வாணவேடிக்கை வேண்டும் என்றார். மழையில் ஒரு மத்தாப்புக்கூடப் பற்றவில்லை. வெறுங்கையோடு கலைய மனமில்லாமல் அவர் மனைவி பொங்கல் வைத்தார்.

5

சட்டப்படி மக்கள்தொகை எடுத்தோம். முழு ஆட்கள் முப்பத்தொன்று. மற்ற ஆட்கள் இருபத்தேழு. இருபத்தேழை ஐந்தில் மூன்றாக்கினால் பதினாறும் ஐந்தில் ஒன்றும். மொத்தம் நாற்பத்தேழும் ஐந்தில் ஒரு பங்கும்.

குல்கர்ணி படிவத்தை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் படித்தார். நாற்பத்தேழு பேரும் சரி, அந்த ஐந்தில் ஒரு பங்கு மனிதர் யார் என்று கேட்டார். அவர் கையெழுத்து வேண்டுமே. அவரால் எழுத முடியுமா?

நான் விளக்கினேன். மராத்தியில் ஆரம்பித்து, இந்தியில் தடுமாறி, ஆங்கிலத்தில் முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தலைகளை எண்ணினால் ஐம்பத்தெட்டு; ஐம்பத்தெட்டு என்று எழுதிவிடுங்களேன் என்றார். அவ்வளவுதான் விஷயம். பஞ்சாபகேசன் சார் ஒப்புக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் ஒரு எண், சட்டத்தில் ஒரு எண் என்றால் சட்டம் எதற்கு என்றார். எண்ணை மாற்ற வேண்டுமானால் சட்டத்தைத் திருத்த வேண்டும். திருத்த வேண்டுமானால் நான்கில் மூன்று பங்கு மாவட்டங்கள் சம்மதிக்க வேண்டும்.

ஆறில் நான்கில் மூன்று என்பது நாலரை. அரை மாவட்டம் கிடையாது என்பதால் ஐந்து. திருநெல்வேலி, கோயம்புத்தூர், சேலம், சென்னை நான்கும் சம்மதித்தன. மதுரை தன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தது. தஞ்சாவூர் சம்மதிக்கவில்லை, குழந்தைகளை முழுதாக எண்ணினால் கீழ்சபை கோயம்புத்தூர் கைக்குப் போய்விடும். ஆகஸ்ட் பாதி கடந்துவிட்டது. கேரம் குழுவினர் பண்டக அறை வாசலில் நின்று நீளம் அகலம் அளந்துவிட்டுப் போனார்கள்.

6

வசந்தி அந்தக் கார்பன் பிரதிகளில் ஒன்றை எடுத்துப் பள்ளிக்குக் கொண்டுபோயிருந்தது எனக்குத் தெரியாது. தன்னைப் பற்றி அச்சில் வந்திருக்கிறது என்று தோழிகளுக்குக் காட்டப் போனாளாம். சரித்திர ஆசிரியை வாங்கிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுப் பள்ளி நூலகத்திலிருந்து அமெரிக்க சரித்திரப் புத்தகம் ஒன்றை எடுத்து இவள் கையில் கொடுத்திருக்கிறார்.

அன்று மாலை நான் லோக்கலில் இருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது வசந்தி சமையலறை வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். சீருடைகூட மாற்றவில்லை. மடியில் அந்தப் புத்தகம்.

"அம்மா, நான் யாரோட குலாம்?"

குலாம் என்றால் அடிமை. என்னடி கேள்வி இது என்றேன். அவள் படித்ததைப் பாதி மராத்தியிலும் பாதி தமிழிலுமாகச் சொன்னாள். "மற்ற ஆட்கள்" என்று எழுதியிருக்கிறதே, அது யார் என்று அந்தச் சட்டத்தில் பெயர் சொல்லவில்லை. சொல்ல வெட்கப்பட்டிருப்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்து விற்ற மனிதர்கள்தான் அந்த மற்ற ஆட்கள். அவர்களை ஐந்தில் மூன்றாக எண்ணினார்கள். அவர்களுக்காக அல்ல, அவர்களுடைய எஜமானர்களுக்குச் சபையில் கூடுதல் இடம் கிடைப்பதற்காக.

நான் கைப்பையைக் கீழே வைக்கவில்லை என்பது கொஞ்சநேரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வரியைத் தட்டச்சில் அடித்தவை என் விரல்கள். எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். கார்பன் தெளிவாக விழ வேண்டும் என்று அழுத்தி அடித்தேன். என் மகளின் பெயருக்கு எதிரே ஒரு பின்னம் போட்டு, கீழே செயலாளர் என்று கையெழுத்தும் போட்டேன். அவள் தமிழைத் தினமும் திருத்திக்கொண்டிருந்த நான், இவளிடம் ஏதோ குறைகிறது என்று எவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டுவிட்டேன். எவ்வளவு குறைகிறது என்றுகூட எண்ணில் எழுதிவிட்டேன்.

அப்படி எதுவும் இல்லை என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நீயும் வா என்று மட்டும் சொன்னேன்.

7

முழு ஆட்கள் மட்டுமே சபையில் பேசலாம் என்று விதி இருந்தது. அதையும் நான்தான் அடித்திருந்தேன். வசந்தி எழுந்து நின்றதும் பஞ்சாபகேசன் சார் வருத்தத்தோடு விதியைச் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. விதியைச் சொல்லும்போது உண்மையாகவே வருந்துவார்.

பின்வரிசையிலிருந்து கோவிந்த ராவ் எழுந்து வந்து வசந்தி பக்கத்தில் நின்றார்.

"அவகிட்ட அஞ்சுல மூணு இருக்கு. எங்கிட்ட அஞ்சுல மூணு இருக்கு. ரெண்டையும் சேத்தா ஆறு. ஒரு ஆளுக்கு மேலயே வருது சார். இப்ப பேசலாமில்ல?"

கூட்டம் கணக்குப் போட்டுப் பார்த்தது. தவறு இல்லை. விதிப் புத்தகத்தில் இதைத் தடுக்கும் வரியும் இல்லை. பஞ்சாபகேசன் சார் உட்கார்ந்தார்.

வசந்தி பேசினாள். தமிழில்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்து வந்திருந்தாள் போலிருக்கிறது. ஒவ்வொரு சொல்லாக, பள்ளத்தில் கால் வைத்து நடப்பதுபோல. நடுவில் சொல் கிடைக்காத இடங்களில் நின்றாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. மற்ற ஆட்கள் யார் என்று சொன்னாள். எதற்காக எண்ணினார்கள் என்று சொன்னாள். பிறகு பஞ்சாபகேசன் சாரைப் பார்த்து, "உங்க புக்கோட பின்பக்கம் படிங்க மாமா. அங்க மாத்திட்டாங்க" என்றாள்.

அவர் புத்தகத்தை எடுத்தார். கையெழுத்துப் பட்டியல்வரை ஓரங்கள் அழுக்கேறிப் பக்கங்கள் மடங்கியிருந்தன. அதற்குப் பின்னால் இருந்த தாள்கள் புதிதாக இருந்தன. அதுவரை அவர் அவற்றைத் திறந்ததே இல்லை. திருத்தங்களை ஒவ்வொன்றாக நின்றுகொண்டே படித்தார். நாங்கள் காத்திருந்தோம். பதினான்காவதில் வெகுநேரம் நின்றார். பெரிய உள்நாட்டுப் போர் ஒன்று நடந்து முடிந்த பிறகுதான் எல்லோரையும் முழு எண்ணிக்கையாக எண்ண வேண்டும் என்று எழுத முடிந்திருக்கிறது.

புத்தகத்தை மூடிவிட்டு அவர் சொன்னதை அவர் மனைவியே அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்.

பயிற்சிக் காலத்தில் ஒரு தொழிற்சாலையைப் பார்க்க அவரைத் தெற்கே ஓர் ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் அறை இரண்டு. ஒன்றின் மேல் வெள்ளையர் என்றும், மற்றதன் மேல் கறுப்பர் என்றும் எழுதியிருந்தது. நல்ல மழை. இவர் கையில் பெட்டியோடு நின்றார்.

"எந்தக் கதவுன்னு எனக்குத் தெரியலை. யாரையாவது கேக்கலாம். கேட்டா ஒண்ணைச் சொல்லிடுவாளே. ரெண்டு மணி நேரம் வெளியிலேயே நின்னேன். அந்த மழைக்கோட்டு அன்னிக்கு வாங்கினதுதான்."

புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நன்னாத் தெரிஞ்ச நானே இதைப் பண்ணிட்டேன்" என்றார்.

தஞ்சாவூர் சம்மதித்தது. ஐந்து மாவட்டங்கள் ஆயின. குழந்தைகள், கோவிந்த ராவ், அவர் மனைவி, எல்லோரும் ஒவ்வொரு ஆள் என்று திருத்தம் எழுதினோம். சூட்டோடு சூடாக, சந்தா கொடுப்பவருக்கு ஓட்டு உண்டு என்று இன்னொன்றையும் எழுதச் சொன்னேன். காதர் அண்ணாச்சி வீடு ஏழாவது மாவட்டமாகச் சேர்ந்தது. மறுநாள் அவர் வசந்திக்கு ஒரு ஜோடி செருப்பு அனுப்பியிருந்தார்.

8

திருத்திய பட்டியலை எடுத்துக்கொண்டு குல்கர்ணியிடம் போனேன். அவர் முகம் சரியில்லை. நாங்கள் சட்டத்தைத் திருத்திக்கொண்டிருந்த அதே இரண்டு வாரத்தில் மேலிடத்தில் படிவத்தைத் திருத்தியிருந்தார்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் உறுப்பினர் கணக்கில் வரமாட்டார்கள். ஐந்தில் மூன்றாக இருந்து முழு ஆளான என் மகள் இப்போது பூஜ்யம் ஆனாள். அண்ணாச்சி வீட்டையும் சேர்த்து எங்கள் பெரியவர்கள் முப்பத்தாறு பேர். கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருந்தது.

எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நிற்காமல் கண்ணில் நீர் வந்தது. குல்கர்ணி தண்ணீர் கொடுத்தார். எங்கள் சட்டத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். இதில் உறுப்பினர் தமிழராக இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

எங்கேயும் எழுதவில்லை. பதிமூன்று குடும்பங்கள் நான்கு ஞாயிறு சண்டை போட்டதில், யாரை எவ்வளவு எண்ணுவது என்று எழுதினோமே தவிர, யார் வரலாம் என்று எழுத மறந்துபோயிருந்தோம்.

மூன்று நாளில் பதினான்கு பேர் சேர்ந்தார்கள். சுமன் தாயியும் அவள் கணவரும். கடைத்தெருவில் அண்ணாச்சியின் பக்கத்துக் கடைக்காரர், பிரிவினையில் சிந்துவை விட்டுவந்து பிம்ப்ரியில் குடியேறியவர். எந்தச் சங்கம் என்றுகூடக் கேட்காமல் கையெழுத்திட்டார், பட்டியலில் பெயர் இருப்பது எப்போதும் நல்லது என்றார். எங்கள் லோக்கல் ரயில் பெட்டித் தோழிகள் ஏழு பேர். கேரம் குழுவிலிருந்தே மூன்று பேர். வாரத்தில் ஆறு நாள் அறை சும்மாதானே இருக்கும் என்று பேசி முடித்தார்கள். ஐம்பதாவது கையெழுத்துக்கு ஆள் இல்லாமல் நான் நின்றபோது, குல்கர்ணி பேனாவை என் கையிலிருந்து வாங்கித் தன் பெயரை எழுதினார். அதற்குக் கீழே, மனு சரிபார்க்கப்பட்டது என்று அதே பேனாவால் இன்னொரு கையெழுத்தும் போட்டார்.

மதுரைப் பிரம்மச்சாரி புது மனைவியோடு திரும்பி வந்து, தன் இரண்டு ஓட்டில் ஒன்றை அவளுக்குக் கொடுத்தார். சங்கத்தில் அமைதியாக நடந்த ஒரே அதிகார மாற்றம் அது.

செப்டம்பர் முதல் ஞாயிறு திறப்பு விழா. ஐம்பத்தோரு உறுப்பினர்களும் குழந்தைகளும் வாசலில் கூடினோம். பஞ்சாபகேசன் சார் பட்டு வேட்டி கட்டி, மாலையோடு நின்றார். குல்கர்ணி சாவியைக் கொடுத்தார். சாவி திரும்பவில்லை. எண்ணெய் விட்டார்கள், திரும்பவில்லை. அலுவலகத்தில் ஏதோ ஓர் அறையின் சாவி கைமாறி வந்துவிட்டது. அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்தது. அதன் சாவி வைத்திருப்பவர் பக்கத்து ஊர் தளேகாவில் உள்ள மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார். பூட்டை உடைக்கலாமா, அது தொழிற்சாலைச் சொத்து ஆயிற்றே என்று கூட்டம் விவாதத்தில் இறங்கியது. மேல்சபை ஒரு பக்கம், கீழ்சபை ஒரு பக்கம். தூறல் வலுத்துக்கொண்டிருந்தது.

அதற்குள் பின்பக்கத்து ஜன்னலில் கம்பி இல்லை என்பதைக் குழந்தைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து அவர்களுடைய சத்தம் கேட்டது. நாங்கள் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனபோது இருபத்துச் சொச்சம் பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வசந்தி, உள்ளே கிடந்த பழைய கரும்பலகை முன்னால் நின்றிருந்தாள்.

முதலில் பழனிசாமி ஏறிக் குதித்தார். அடுத்து சுமன் தாயி. கோவிந்த ராவ் மனைவியை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். பஞ்சாபகேசன் சார் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் விளிம்பில் ஒரு காலைப் போட்டார். மறுகால் வரவில்லை. பட்டு வேட்டி வழுக்கியது. பின்னாலிருந்து குல்கர்ணியும் அண்ணாச்சியும் தாங்கிப் பிடித்தார்கள். வசந்தி உள்ளேயிருந்து ஜன்னலுக்கு வந்து கையை நீட்டினாள்.

"யா மாமா, ஆத் யா" என்றாள்.

வாருங்கள், உள்ளே வாருங்கள் என்று அர்த்தம். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். அடுத்தது என் முறை. நான் செருப்பைக் கழற்றி உள்ளே எறிந்துவிட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.